டிரிம்மிங் கத்திக்கு ஒரு சிவப்பு அட்டை

“பேப்பர்ல இருக்கறத நீ அப்டியே செஞ்சிருவ. பேப்பர்ல இல்லாதத இன்னா பண்ணுவ?”

தாமோதரன் சார் இதைக் கேட்டபோது டூல் ரூமில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. கேலியாக இருந்தால் மனதுக்குள் ஒரு பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். அவர் உண்மையாகவே சந்தேகப்பட்டார்.

அவர் எங்கள் ஃபோர்மேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம் போன்ற ரப்பர் சீல்கள் செய்யும் ஒரு கம்பெனி. ரப்பரை வார்க்கும் அச்சுகளையும், சீலுக்கு உள்ளே வைக்கும் தகட்டு வளையங்களை வெட்டும் டைகளையும் செய்து கொடுக்கிற பிரிவுதான் டூல் ரூம். அங்கே அவருக்குக் கீழே பதினோரு வருடம் வேலை பார்த்தேன். போன வருடம் கம்பெனி டூல் ரூமை மூடிவிட்டது. அச்சுகள் இப்போது வெளியிலிருந்து வருகின்றன. முப்பத்திரண்டு வயதில் என் பெயருக்கு எதிரே ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதினார்கள். விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. படிவத்தில் வேறு கட்டம் இல்லையாம்.

நான் படித்த ஐ.டி.ஐ.யில் இப்போது ஃபிட்டர் பிரிவில் ஐந்தாறு பெண்கள் படிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி போன மாதம் போன் செய்தாள். “அக்கா, டூல் ரூம்ல ஒரு பொண்ணால தாக்குப் பிடிக்க முடியுமா? உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடறோம்” என்றாள். தாக்குப் பிடித்தேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினோரு வருடத்தில் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தால் அச்சுகள் எதுவும் முன்னால் வந்து நிற்கவில்லை. உள்ளங்கை நீளத்தில் ஒரு கத்திதான் வந்து நிற்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மீஞ்சூருக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல் வயல். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ. சேர்ந்தேன். ஃபிட்டர் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முதல் இரண்டு மாதம் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்க வேண்டும். மற்றவர்கள் மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போனார்கள். எனக்கு அலுக்கவில்லை. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது இடுக்கில் ஒளி தெரியாமல் போகும் அந்த நொடி எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம் ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்புறம் அதே கம்பெனியில் ஹெல்பர் கிரேடில் வேலை. கத்தி வேலை வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. அப்போதும் ஹெல்பர்தான்.

டூல் ரூமில் பதினான்கு ஆண்கள், நான் ஒருத்தி. யாரும் என்னிடம் தவறாக நடந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மதியம் அவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தட்டோடு போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து இடம் தருவார்கள். அந்த மரியாதையோடு சாப்பிட முடியாது. அடுத்த பக்கம் டிரிம்மிங் பெண்கள். வார்த்து எடுத்த சீல்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கையால் வெட்டி எடுக்கிறவர்கள், நாற்பது பேர் இருப்பார்கள். கான்டிராக்டில் வருகிறவர்கள். நான் நீலக் கோட்டும் பாக்கெட்டில் அளவெடுக்கும் வெர்னியருமாகப் போனால், “மேடம் வருது, தள்ளுடி” என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரிக்கும். நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒரு சிமென்ட் திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மணி அடிக்கும் முன்பே மெஷினுக்குத் திரும்பிவிடுவேன். எல்லாரும் என்னைச் சுறுசுறுப்பானவள் என்று நினைத்தார்கள்.

தாமோதரன் சார் வேலையைச் சோதிக்கிற விதத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். முதலில் தொட மாட்டார். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பிறகு வெள்ளைத் துண்டில் கையைத் துடைப்பார். பொருளை எடுத்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, மூலைகளின் மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டுவார். எங்கள் வேலையில் மூலைதான் உயிர். டையின் மூலை கூர்மையாக, சதுரமாக இருந்தால்தான் தகடு பிசிறில்லாமல் வெட்டுப்படும். மூலை கொஞ்சம் மழுங்கினாலும் வேலை போச்சு. அதனால் முடித்த பொருளைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றித்தான் தூக்கிப் போவோம். எல்லாம் பார்த்த பிறகு அவர் ஒரு சொல்தான் சொல்வார்: “வை.” அவர் மேசையின் வலது பக்கம் வைத்தால் பாஸ். இடது பக்கம் அவரே நகர்த்தினால் சிவப்பு அட்டை. அந்த அட்டையில் செய்தவர் பெயர், காரணம், தேதி. அது அலுவலகத்துக்குப் போய்க் கோப்பில் சேரும். நல்லாருக்கு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

டிரிம்மிங் பெண்கள் அதுவரை கடையில் விற்கும் கட்டர்களைத்தான் வைத்திருந்தார்கள். பிளேடு மழுங்கினால் நுனியை உடைத்துவிட்டு வெட்டுவது. அந்த உடைந்த துண்டு ஒருநாள் சீலோடு பெட்டியில் போய்விட்டது. கார் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் இனி உடையும் பிளேடே கூடாது என்றார்கள். டூல் ரூமே ஒரு கத்தி செய்து தர வேண்டும், அதை மாதிரியாக வைத்து வெளியே நாற்பது கத்தி செய்துகொள்ளலாம் என்று முடிவானது. படம் கிடையாது, அளவு கிடையாது. அதைக் கொடுக்கும்போதுதான் தாமோதரன் சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இன்னொன்றும் சொன்னார். “கிரேடு லிஸ்டு வருது. உன் பேர எழுதி அனுப்பிக்கிறேன். இது ஒழுங்கா முடிஞ்சா போதும்.”

ஹெல்பரிலிருந்து டூல் மேக்கர் கிரேடு. எங்கள் கம்பெனியில் அதுவரை எந்தப் பெண்ணுக்கும் வந்ததில்லை.

மறுநாள் வெர்னியரோடு டிரிம்மிங் பிரிவுக்குப் போனேன். பெண்கள் வைத்திருந்த கட்டர்களை வாங்கி நீளம், அகலம், தடிமன் அளந்து நோட்டில் எழுதினேன். கால் மணி நேரம் இருந்திருப்பேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அளவு இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? திரும்பி வந்து படம் நானே வரைந்தேன்.

இரும்பு அறுக்கும் பவர் ஹாக்ஸாவில் தேய்ந்து கழித்த பிளேடு ஒன்றை எடுத்தேன். ஹை ஸ்பீடு ஸ்டீல். இரண்டு மில்லிமீட்டர் தடிமன். அரம் ஏறாது, டிரில் இறங்காது. வெட்டும் சக்கரத்தில் வைத்துத்தான் வடிவம் எடுக்க வேண்டும். பிளேடின் முனையில் ஏற்கெனவே உள்ள ஓட்டையில் பித்தளை ஆணி அடித்து, இரண்டு பக்கமும் நைலான் பிடி வைத்து ஒட்டினேன். வெட்டும் வாய்ப்பகுதியைக் கிரைண்டிங் மெஷினில் சாய்த்து வைத்து, இரு பக்கமும் ஒரே கோணத்தில் தீட்டினேன். முதுகை நேராக, இரண்டு மூலையும் சதுரமாக எடுத்தேன். பிறகு கல்லில், பிறகு எண்ணெய்த் தாளில், பிறகு பாலிஷ் சக்கரத்தில். ஒன்பது நாள் ஆனது. முடிந்தபோது என் முகம் அதில் தெரிந்தது.

தாமோதரன் சார் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். நகத்தை முதுகின் மூலையில் ஓட்டினார். இரண்டாவது முறையும் ஓட்டினார். “வை” என்றார்.

அன்று மதியமே டிரிம்மிங் பிரிவில் சோதனை. புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு சீலை எடுத்து ஓரத்தில் கத்தியை இழுத்தார். வெண்ணெயைப் போல வெட்டியது. “சூப்பர்” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவள் பெயர் ஆதிலட்சுமி. எளாவூரிலிருந்து வருகிறவள், என் வயதுதான் இருக்கும். அந்தப் பிரிவிலேயே வேகமான கை அவளுடையது. இருபது சீல் வெட்டினாள். மேனேஜர் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“நல்லாக்கீது சார்.”

கத்தி ஸ்டோருக்குப் போனது. ‘மாஸ்டர் பீஸ்’ என்று எழுதிய அட்டையோடு பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். வெளியே செய்கிறவர்கள் அடுத்த வாரம் வந்து அளவெடுத்துப் போக வேண்டியது. அன்று சாயங்காலம் ரயிலில் மீஞ்சூர் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்காரத் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கை கழுவும் குழாயடியில் ஆதிலட்சுமி நின்றிருந்தாள்.

“மேடம், ஒரு நிமிசம்.”

வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நடுக்கணுவின் பக்கவாட்டில் இரண்டு சிவப்புக் கோடுகள். ஒன்றுக்கொன்று இணையாக, நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அளக்க வேண்டிய அவசியமே இல்லை. அது என் கத்தியின் முதுகு.

“நேத்து நல்லாக்கீதுன்னு சொன்னீங்களே?” என்றேன்.

“பின்ன? மேனேஜர் நிக்கிறாரு, உங்க சார் நிக்கிறாரு. அவங்க முன்னாடி நல்லால்லன்னு சொன்னா உன்னத்தான புடிச்சுக்குவாங்க. அதான் கம்முனு இருந்துட்டேன்.” விரலை மடக்கி நீட்டினாள். “இருபது சீலுக்கே இப்டி. ஒரு ஷிப்டுக்கு எத்தினி வெட்டுறோம், உனுக்கே தெரியும்.”

நான் அந்தக் கோடுகளையே பார்த்தேன்.

“கோச்சுக்காத. கத்தி சோக்காக்கீது. அத்தப் பாத்து பொட்டே வச்சுக்கலாம். ஆனா ரப்பர் வெட்டுறவளுக்காக செய்யல நீ.”

“வேற யாருக்குச் செஞ்சேனாம்?”

“அது எனுக்கு இன்னா தெரியும்? உங்க சாருக்கா இருக்கும்.”

கோபம் வந்தது. அவள் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. விரலை விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதுகு விரலை அறுக்கிறது. வெட்டும்போது ஒட்டாமல் இருக்க அவர்கள் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பார்கள். என் வழவழப்பான பிடி ஈரத்தில் மீன் மாதிரி நழுவுகிறது. நுனி இவ்வளவு கூராக இருந்தால் இடது உள்ளங்கையைக் குத்தும். பிடி நீளம், மணிக்கட்டில் இடிக்கிறது.

“இன்னொன்னும் கீது. வாய் ரெண்டு பக்கமும் சரிஞ்சு கீறதால சீலுக்குள்ள எறங்கப் பாக்குது. அது சொன்னா புரியாது. வந்து குந்திப் பாரு.”

“எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று முழுவதும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். ஐந்தாவது வரை படித்தவள் எனக்குக் கோணம் சொல்கிறாளா என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான். எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாருமே அந்த அளவுக்குக்கூடப் படிக்காதவர்கள் என்பது அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் டீ இடைவேளையில் டிரிம்மிங் பிரிவுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அவள் தவறு என்று நிரூபிக்கத்தான். ஆதிலட்சுமி தன் ஸ்டூலை விட்டு எழுந்து, அவளுடைய பழைய கட்டரைக் கையில் கொடுத்தாள். பிடி முழுக்க சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தாள். ஒரு சீலை எடுத்து ஓரத்தில் கத்தியை ஓட்டினேன். பிசிறு போனது, கூடவே சீலின் உதடு போன்ற விளிம்பிலும் ஒரு கீற்று போனது.

“ஏய், மேடம் ரொட்டிக்கு வெண்ண தடவுறாங்கடி” என்றது ஒரு குரல். வரிசை சிரித்தது.

ஆதிலட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்து மேசை விளிம்பில் அழுத்தி வைத்தாள். “கத்திய இன்னாத்துக்கு ஆட்டுற? அது எங்கயும் போவாது. இப்டியே வுடு. சீலச் சுத்து.”

இடது கையால் சீலைச் சுற்றினேன். கத்தி அசையாமல் நின்றது. பிசிறு ஒரே நூலாக, வெள்ளரிக்காய்த் தோல் மாதிரி, சுருண்டு விழுந்தது.

நான் ஐ.டி.ஐ. காலத்தையும் சேர்த்துப் பத்தாவது வருடமாக லேத் மெஷின் பார்க்கிறவள். லேத்தில் கருவி நிற்கும், பொருள் சுற்றும். இங்கே நாற்பது பெண்கள் நாள் முழுவதும் அதைத்தான் கையால் செய்துகொண்டிருந்தார்கள். என் மேசையிலிருந்து முப்பதடி தூரத்தில். நான் வந்து கட்டரை அளந்துவிட்டுப் போனேன். கையைப் பார்க்கவில்லை. கத்தி நகரும் என்று நினைத்து ஒரு கத்தி செய்துவிட்டேன். நிற்கிற கத்தி என்றால் முதுகு முழுச் சுமையையும் விரலில் போடும். அங்கே சதுர மூலை கூடாது. ஒரு பக்கம் தட்டையாக இருந்தால்தான் அது சீலின் முகத்தில் படிந்து உட்காரும், உள்ளே இறங்காது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. டூல் ரூமில் எதற்காக என்னைப் பாஸ் செய்தார்களோ, அதுவே இங்கே குற்றமாக இருந்தது.

மணி அடித்தது. “புரிஞ்சுதா?” என்றாள். தலையாட்டினேன். அவள் ஸ்டூலைக் கேட்டு நின்றாள், எழுந்து கொடுத்தேன்.

ஸ்டோரில் அரக்கு வைத்த பொருளை வெளியே எடுக்க ஒரே வழிதான் இருந்தது. சிவப்பு அட்டை. ஆறு மாதத்துக்குள் ஒரு சிவப்பு அட்டை இருந்தால் கிரேடு லிஸ்டில் பெயர் ஏறாது. லிஸ்டுக்குப் பத்து நாள் இருந்தது. நான் பேசாமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. மேனேஜர் சூப்பர் என்று சொல்லியாயிற்று. அடுத்த மாதம் நாற்பது கத்திகள் வந்து நாற்பது விரல்களில் கோடு போடும். அவர்களும் அதன் மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். புகார் சொல்ல மாட்டார்கள். கான்டிராக்ட் ஆட்கள் புகார் சொல்வதில்லை.

ஒரு நாள் முழுவதும் அப்படியே போனது. மறுநாள் காலை தாமோதரன் சாரின் மேசைக்குப் போய் அட்டை வேண்டும் என்றேன்.

“எந்த ஜாபுக்கு?”

“டிரிம்மிங் கத்தி சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது பாஸாயிருச்சேம்மா. நான் பாஸ் பண்ணது. மேனேஜர் பாத்தாரு. வெட்டுன பொண்ணே நல்லாக்கீதுன்னு சொல்லிச்சு.”

“நமக்காகச் சொல்லிச்சு சார்.” விரலில் பார்த்த கோடுகளைச் சொன்னேன். கத்தி நிற்கிறது, சீல்தான் சுற்றுகிறது என்று சொன்னேன்.

அவர் என் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். ஒவ்வொரு அளவாகப் பார்த்தார். “படத்துக்குச் சரியாத்தானம்மா செஞ்சிருக்க.”

“படம்தான் சார் தப்பு.”

படத்தை மடித்து வைத்தார். பிறகு, “லிஸ்டு எப்பன்னு தெரியும்ல?” என்றார்.

“தெரியும் சார்.”

“அடுத்தது ஒரு வருசம் கழிச்சுத்தான்.”

“தெரியும்.”

டிராயரைத் திறந்து அட்டையைக் கொடுத்தார். செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக அளவுக் குறை, மூலை மழுங்கல் என்றுதான் எழுதுவார்கள். நான் ‘பிடிக்கும் விரலை அறுக்கிறது’ என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடியிலிருந்து எடுக்க அவருக்கு எப்போதும் இல்லாத நேரம் ஆனது. கையெழுத்துப் போட்ட பிறகு அட்டையை என்னிடம் தரவில்லை. சோதித்தவர் என்ற இடம் எப்போதும் காலியாகத்தான் விடப்படும். அங்கே தன் பெயரையும் எழுதினார். பிறகு தந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

புதிதாக ஒன்று செய்வதைவிட முடித்ததைத் திருத்துவது கடினம். முடித்த பொருளில் எதையும் சேர்க்க முடியாது. எடுக்க மட்டும்தான் முடியும். எடுப்பதற்கும் அதிகம் மிச்சம் இருக்காது. புதுசாகவே செய்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். அரக்கு வைத்தது அந்தக் கத்தி. அட்டை எழுதியது அந்தக் கத்திக்கு. அதையே சரி செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது.

முதலில் வாயை எடுத்தேன். நான்கு நாள் உட்கார்ந்து தீட்டிய வாய். கிரைண்டரில் நேராக வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் போய்விடும். வைக்கும் முன்பு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வைத்தேன். பளபளப்பு போய்ப் பிளேடு மொட்டையாக, சாம்பல் நிறத்தில் நின்றது. அகலத்தில் நான்கு மில்லிமீட்டர் குறைந்தது. பிறகு ஒரு பக்கத்தைத் தொடாமல் தட்டையாகவே விட்டு, மறுபக்கம் மட்டும் சாய்த்துத் தீட்ட ஆரம்பித்தேன். கையுறை இல்லாமல் வெறும் விரலால் பிடித்தேன். விரலுக்குச் சூடு தெரிந்தால் எடுத்துவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கக் கூடாது. சூடான ஹை ஸ்பீடு ஸ்டீல் தண்ணீரில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒரு மாதம் கழித்து யார் கையிலாவது உடையும். எனவே காற்றிலேயே ஆறவிட்டேன். மூன்று எண்ணும் வரை தீட்டுவது, முப்பது எண்ணும் வரை நிற்பது. ஒரு முழு நாள் அப்படிப் போனது.

நுனியைக் கட்டை விரல் நகத்தின் வடிவத்துக்கு வளைத்தேன். பிடியை இரண்டு விரல் அளவு வெட்டிக் குறைத்தேன். பிடியின் மேல் முக்கோண அரத்தால் குறுக்குக் கோடுகள் போட்டுப் பளபளப்பைக் கெடுத்தேன். கடைசியாக முதுகுக்கு வந்தேன். ஐ.டி.ஐ. நாளிலிருந்து பத்து வருடம் எந்த மூலையையும் உடைக்கக் கூடாது என்று பழகிய கை. கல்லை எடுத்து அந்தச் சதுர மூலையில் வைத்தபோது கை தானாகவே நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த ரவி அண்ணன், “கார்னர உடைக்கிறியாம்மா? சார் பாத்துறப் போறாரு” என்றார். சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டு மூலையையும் உருட்டி, என் ஆள்காட்டி விரலின் கணுவில் அழுத்தி வைத்துப் பார்த்து, மறுபடி உருட்டி, கோடு விழாமல் போகும் வரை தேய்த்தேன்.

கத்தி பார்ப்பதற்கு நன்றாக இல்லை. கறுத்து, குட்டையாக, நுனி மொண்ணையாக இருந்தது. தாமோதரன் சார் நகத்தை ஓட்டவில்லை. கையில் பிடித்து, மேசை விளிம்பில் மணிக்கட்டை வைத்து, இல்லாத ஒரு சீலை இடது கையால் சுற்றிப் பார்த்தார். “வை” என்றார்.

இந்த முறை சோதனைக்கு எந்த அதிகாரியும் வரவில்லை. காலை ஷிப்டு தொடங்கும்போது ஆதிலட்சுமியிடம் கொடுத்தேன். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இன்னா மேடம், கண்ணாடி ஒடஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஷிப்டு முடியும்போது போனேன். கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரலை நானே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

“இத்த நான் குடுக்க மாட்டேன். ஸ்டோருக்கு நீ வேற செஞ்சு குட்த்துக்க.”

“மாஸ்டர் பீஸுங்க. குடுத்தாத்தான் மத்தவங்களுக்கும் வரும்.”

“பேஜாரு புடிச்ச கம்பெனி” என்று சொல்லிக் கொடுத்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். நானும் ஏதோ சொல்ல நினைத்திருந்தேன். கான்டிராக்ட் வேன் ஹாரன் அடித்தது. “வர்றேன் மேடம்” என்று ஓடினாள். அவள் போன பிறகு அந்த ஸ்டூலில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

லிஸ்டு வந்தது. என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் பெயர் இருந்தது. டூல் ரூமில் லட்டு கொடுத்தார்கள், வாங்கிச் சாப்பிட்டேன். சிவப்பு அட்டையைப் பற்றி ஆதிலட்சுமிக்கு நான் சொல்லவே இல்லை. சொன்னால் அடுத்த முறை அவள் உண்மையைச் சொல்ல மாட்டாளோ என்று பயம். நாற்பது கத்திகள் வந்தன. பெண்கள் அவரவர் கத்திக்கு நகப்பூச்சால் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். யாரும் சைக்கிள் டியூப் சுற்றவில்லை. என்னை அப்போதும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். கான்டிராக்டர் மாறியபோது ஆதிலட்சுமியின் வேன் வருவது நின்றுவிட்டது. எந்தக் கம்பெனிக்குப் போனாள் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய போன் நம்பரை நான் வாங்கி வைத்திருக்கவில்லை.

அடுத்த வருடம் கிரேடு வந்தது. வீட்டில் சொன்னேன். அம்மா, “அப்ப இனிமே பகல் ஷிப்டு மட்டும் தானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்புறம் இன்னாத்துக்கு?” என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. டூல் மேக்கர் என்ற சொல்லின் கனம் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித் தனியாகத் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு சுமைதான். தாக்குப் பிடிக்க முடியுமா என்று கேட்ட பெண்ணுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். வேலை உனக்கு வந்துவிடும். வேலையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது. அந்தப் பதினோரு வருடத்தில் என் வேலையைக் கையில் வாங்கி, அதில் எது சரியில்லை என்று எனக்காகவே நேரம் எடுத்துச் சொன்ன ஒரே ஆள் ஆதிலட்சுமி. அதை நான் அன்று சண்டையாக எடுத்துக்கொண்டேன்.

டூல் ரூம் மூடிய பிறகு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய கிரைண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனி, டிரிம்மிங் கத்தி வேண்டும் என்று போன மாதம் கேட்டது. வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பினார்கள். அழகான படம்; எல்லா அளவும் இருந்தது. செய்து தருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. முதலில் இரண்டு வாரம் அங்கே டிரிம்மிங் வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அந்த முதலாளிக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

இந்தத் திங்கட்கிழமையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். இங்கே சீல் இல்லை, பம்புக்குள் வைக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம். வட்டமாக, மெல்லியதாக இருக்கும். மற்றப் பெண்களுக்கு என்னைப் புதிதாகச் சேர்ந்தவள் என்றுதான் தெரியும். இங்கே அவர்களுடைய இரண்டு கையும் வேறு மாதிரி வேலை செய்கின்றன. இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நேற்று என் கூடையிலிருந்து ஒன்பது உருப்படிகளைத் திருப்பி அனுப்பினார்கள். கொண்டு வந்த பெண், “இன்னா வெட்டி வச்சுகிற, பாரு” என்று ஓரத்தைக் காட்டினாள். பார்த்தேன். ஒன்பதையும் மடியில் போட்டுக்கொண்டு, அவள் கத்தியைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தபடி முதலாவதை எடுத்தேன்.